தண்டவாள மணியும் வீரையன் குரலும்

வீரையனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் வாய்க்கொழுப்பைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவனுடைய நாற்பது வருஷத்தைக் கெடுத்ததில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு என்று இரண்டு மாதத்துக்கு முன்புதான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை என்னை நான் நியாயஸ்தன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் மனோகரன். மன்னார்குடியில் பாமணி ஆற்றுப் பக்கம் ரைஸ்மில் வைத்திருக்கிறேன். அப்பா காலத்து மில், மெஷின்கள் மட்டும் புதிது. மில்லுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. அதில் நானூற்றுச் சொச்சம் இங்கிலீஷ் ராக் இசைத்தட்டுகள். பாதி, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்தவை. மீதி நானே அலைந்து வாங்கியவை. நெல் விலை பேச வருகிறவர்கள் மேலே ஏறி வந்து ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, "ஜெனரேட்டர் ஏதும் ரிப்பேருங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். நான் கண்டுகொள்வதில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரியும் விஷயம் ஒன்று உண்டு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வந்த ஆல்பத்தை எடுத்து, குரலைத் தனியாக உருவி, டிரம்ஸைத் தனியாக உருவி, துடைத்து, மறுபடி கலந்து, 'புத்தம்புதிய ரீமிக்ஸ்' என்று அட்டை போட்டு விற்கிறார்களே, அதுதான். நல்ல கருங்கல் தூணுக்குக் கும்பாபிஷேகம் தவறாமல் எனாமல் பெயிண்ட் அடிக்கிற வேலை. செய்தவன் செய்துவிட்டுப் போனான், கேட்டவன் கேட்டுப் பழகிவிட்டான், நடுவில் இவன் யார்?

ஒரு லண்டன் கோஷ்டியின் தட்டில் மூன்றாவது பாட்டு முடியும் இடத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிடும். டிரம்ஸ்காரன் எழுந்திருக்கிறான் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். எத்தனையோ வருஷமாக அவனோடு சேர்ந்து நானும் எழுந்துதான் தட்டைத் திருப்பிப் போட்டேன். ரீமிக்ஸில் அந்த நாற்காலியைக் காணோம். கம்பெனிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். கொஞ்சம் காரமான கடிதம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, எங்களுடைய மற்ற வெளியீடுகளையும் பார்க்கவும் என்று பதில் வந்தது. பார்த்தேன். இரண்டு வாங்கினேன்.

வீரையன் என்னோடு மன்னார்குடிக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவன். ஊர் வலங்கைமானிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. அப்பா ஒன்பது மா நிலம் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். அதாவது மூன்று ஏக்கர். அந்த வயதில் எங்களுக்கெல்லாம் மீசைதான் முளைத்திருந்தது. அவனுக்குக் குரலும் முளைத்திருந்தது. வருகைப் பதிவில் அவன் "உள்ளேன் ஐயா" என்றால் வாத்தியார் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போவார். கனமான, அகலமான குரல். ஆற்றங்கரையில் உட்கார்ந்து அவன் பாடினால் எதிர்க்கரையில் துவைத்துக்கொண்டிருக்கிறவர்கள் கையை நிறுத்துவார்கள்.

அந்தக் குரலை வைத்துத்தான் நாங்கள் ராக் கோஷ்டி ஆரம்பித்தோம். பெயர் 'மேல்மடை'. நான் கிட்டார். டிரம்ஸ் செழியன்; இப்போது புனேயில் பேரனோடு இருக்கிறான், இந்தக் கதையில் அவனுக்கு வேறு வேலையில்லை. பாட்டெல்லாம் வீரையன் எழுதியது, தமிழில். தண்ணீர் வரும் என்று காத்திருப்பது, கடைசி பஸ்ஸைத் தவற விடுவது, அறுவடை முடிந்த வயலில் கிரிக்கெட் ஆடுவது என்று எட்டுப் பாட்டு. ஆல்பத்தின் பெயர் 'இரண்டாம் போகம்'. முதல் போகம் எது என்று கேட்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம், படிப்பு முடிந்த மறு வருஷம், எங்கள் மில்லின் நெல் குடோனில் பதிவு செய்தோம். மூன்று பக்கமும் கூரை வரைக்கும் மூட்டைகள். சத்தம் எதிரொலிக்காது என்பது என் கண்டுபிடிப்பு. சித்தப்பா கொண்டுவந்த ஸ்பூல் டேப் ரெக்கார்டரை ஒரு மூட்டை மேல் வைத்தேன். பட்டனை அமுக்கிவிட்டு ஓடிவந்து கிட்டாரை மாட்டிக்கொள்வதும் நான்தான். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் இல்லை. சுற்றுவட்டாரத்தில் போர்வெல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் மோட்டாரை ஓட விட்டிருந்தார்கள். குடோன் பல்பு மிளகாய்ப்பழ நிறத்தில் எரிந்தது. எங்களுக்கு அது மேடை விளக்கு மாதிரி இருந்தது.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். நாலாவது பாட்டின் கடைசி வரியை வீரையன் நீட்டிப் பிடித்திருந்தபோது மணி ஒன்றாகிவிட்டது. எங்கள் மில் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். சாப்பாட்டு நேரத்துக்கு வாட்ச்மேன் இரும்புக் கம்பியால் அதை மூன்று தட்டுத் தட்டுவார். தட்டினார். வீரையன் அசையவில்லை, குரலை விடவும் இல்லை. மூன்று மணியும் அவன் குரலுக்கு மேலே வந்து விழுந்தன. டேப் வீணாகக் கூடாது என்று அதை அப்படியே வைத்துக்கொண்டோம். பிற்பாடு, வேண்டுமென்றே வைத்தது என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

நாலு மணிக்கு எட்டுப் பாட்டும் முடிந்தது. அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்து போட்டுக் கேட்டோம். பிரமாதமாக இருந்தது. செழியன் அழுதுவிட்டான். அடுத்த நாள் ஸ்பூலைத் திருச்சிக்குக் கொண்டுபோய் முந்நூறு கேசட் போடக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கேசட் வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் போட்டோம். பாட்டு விறுவிறுவென்று ஓடியது. என் கிட்டார் சும்மா பறந்தது. என் விரலில் இவ்வளவு வேகமா என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் வீரையன் குரல் பத்தாம் வகுப்புப் பையன் குரல் மாதிரி மெலிந்து, கீச்சென்று கேட்டது. திருச்சிக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். "ஸ்பூல்ல உள்ளதுதாங்க கேசட்ல வரும்" என்றான். வீட்டுக்கு வந்து ஸ்பூலையே போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

வீரையன் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"இது என் குரலாடா?" என்றான்.

எனக்கும் குழப்பம்தான். ஆனால் குழப்பமாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளும் வயசா அது? ஏதோ பத்திரிகையில் படித்தது ஞாபகம் வந்தது. "அவனவன் குரல் அவனவன் காதுக்குக் கம்பீரமாத்தான்டா கேக்கும். வெளிய இருக்கறவனுக்கு வேற மாதிரி. மைக் பொய் சொல்லாதுடா" என்றேன்.

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஏனென்றால் வெளியே இருந்து அவன் குரலை மூன்று வருஷம் கேட்டவன் நான். ஆற்றங்கரையில் என் காதால் கேட்டதை விட்டுவிட்டு, என் கிட்டார் பறக்கிற மயக்கத்தில் டேப்பை நம்பினேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேசட்டோடு சேர்ந்து வாசிக்க நான் பலமுறை முயற்சி செய்தேன். சுருதி சேரவில்லை என்று கிட்டாரை ஏற்றி முறுக்குவேன், மேல் தந்தி அறுந்துவிடும். கம்பி மட்டம் என்று திட்டுவேன். அந்த வேகத்திலும் பிறகு ஒருநாள்கூட என்னால் வாசிக்க முடியவில்லை. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு.

கேசட் ஓரளவு ஓடியது. மன்னார்குடியிலிருந்து வலங்கைமான் வழியாகக் கும்பகோணம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர் அதைத் தினம் போடுவார். "அந்தக் கீச்சுக்குரல் பாட்டைப் போடுப்பா" என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஆசையாகத்தான் கேட்டார்கள். வீரையனுக்கும் அதே பஸ்தான். பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவன் பாட்டைப் பாடுவதைக் கேட்டுக்கொண்டே ஊருக்குப் போவான்.

எண்பத்தாறில் அவனுக்குத் திருப்பனந்தாளில் பெண் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். பெண் சந்திரலேகா, தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்துக் காபி கொடுத்தது எல்லாருக்கும் பிடித்துப்போனது. பேச்சுவாக்கில், பஸ்ஸில் எங்கள் கேசட்டைக் கேட்டிருந்த பெண்ணின் சித்தி, "மாப்பிள்ளை பேசுனா கனமா இருக்கு, பாடுனா பாப்பா மாரியில்ல இருக்கு" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. வீரையனும் சிரித்தான். நானும்தான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவன் மனிதர்கள் இருக்கும் இடத்தில் பாடியதில்லை. மார்கழி பஜனையில் ஜால்ரா மட்டும் தட்டுவான். மகள் குந்தவை பிறந்தபோது தூளி ஆட்டிக்கொண்டு ரேடியோவைப் போட்டுவிட்டான். யாராவது பழைய கேசட்டைப் பற்றி ஆரம்பித்தால், "அது மனோகரன் கிட்டாருக்காக ஓடுன கேசட்டு" என்று பேச்சை என் பக்கம் தள்ளிவிடுவான். நான் வெட்கமில்லாமல் அதை வாங்கிக்கொள்வேன்.

வருத்தத்தோடு வாழ்ந்தானா என்றால், இல்லை. அப்படி எழுதினால் அது பொய். குத்தகை ஒன்பது மாவோடு சொந்தமாக ஆறு மா சேர்த்தான். குறுவையும் சம்பாவும் அவன் வயலில் சோடை போனதில்லை. மகளைக் கால்நடை மருத்துவம் படிக்க வைத்தான். வாய்க்கால் தகராறு என்றால் இரண்டு தரப்பும் அவனைக் கூப்பிடும், அவன் பேசினால் மற்றவர்கள் தன்னால் குரலைத் தாழ்த்துவார்கள். நாலு வீட்டுச் சாப்பாட்டைப் புகழ்ந்து சாப்பிட்டே தொப்பை வைத்தவன். என்னைப் போல எதற்கும் காரமாகக் கடிதம் எழுதியதில்லை. அவனுக்கு இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அது இல்லாமல் போனது அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று, இரண்டு மாதத்துக்கு முன்பாக இருந்தால், எழுதியிருப்பேன். அதுவும் தப்பு. அந்த விஷயத்துக்குப் பிற்பாடு வருகிறேன்.

போன வருஷம் யாரோ புண்ணியவான் எங்கள் கேசட்டை இணையத்தில் ஏற்றிவிட்டான். சில ஆயிரம் பேர் கேட்டார்கள். 'தொலைந்துபோன தமிழ் ராக்' என்று ஏதேதோ எழுதினார்கள். சென்னையில் ஒரு சிறிய கம்பெனி என்னைக் கூப்பிட்டு, 'இரண்டாம் போகம்' ஆல்பத்தை ரீமிக்ஸ் செய்து இசைத்தட்டாகப் போடுகிறோம் என்றது. குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தனித்தனியாகப் பிரித்துவிடுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாற்பது வருஷமாக யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஒரு பொட்டுகூடத் தொடக் கூடாது, இருப்பதை இருக்கிறபடி போடுவதானால் போடுங்கள் என்றேன். சரி, ஸ்பூலை நேரில் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று ஓர் ஒலிப்பதிவுக்காரப் பெண்ணை அனுப்பினார்கள். பெயர் பூமிகா.

வீரையனைப் போனில் கேட்டேன். "உன் இஷ்டம்டா. நீ சொன்னா சரி" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "அட்டையில என் பேரை மட்டும் சின்னதாப் போடச் சொல்லு" என்றான்.

பூமிகா ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். மேலே வந்ததும் அலமாரியைச் சுற்றிப் பார்த்தாள். "இவ்ளோ ரீமிக்ஸ் வாங்கியிருக்கீங்களே சார், பிடிக்காதுன்னு சொன்னாங்க?" என்றாள். பிடிக்காது என்று நிரூபிக்கத்தான் வாங்குகிறேன் என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கையோடு கொண்டுவந்த மெஷினில் என் ஸ்பூலை ஏற்றி, கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு, ஹெட்போனை மாட்டி உட்கார்ந்துவிட்டாள். நான் எதிரே காவல் உட்கார்ந்தேன்.

மணி ஒன்றானது. கீழே தண்டவாளத்தை மூன்று முறை தட்டினார்கள். இப்போது வாட்ச்மேன் வேறு, பழக்கம் அதே.

பூமிகா ஹெட்போனைக் கழற்றினாள். "சார், இது என்ன மணி?"

"சாப்பாட்டு மணிம்மா. நாலாவது பாட்டுல வருதே, அதே மணி."

"அதே மாதிரி மணியா, அதேதானா?"

"அதே தண்டவாளம். எங்கப்பா தொங்கவிட்டது. யாரும் கழட்டுனது இல்ல."

அவள் கீழே இறங்கிப் போனாள். வாட்ச்மேனிடம் கம்பியை வாங்கி ஒரு தட்டுத் தட்டி, போனில் பதிவு செய்துகொண்டு மேலே வந்தாள். முதலில் போனில் இருந்த மணியைப் போட்டாள். பிறகு டேப்பில் இருந்த மணியைப் போட்டாள். டேப்பில் இருந்தது நன்றாகவே உயர்ந்து கேட்டது. சங்கீதம் தெரியாதவனுக்கும் புரியும் வித்தியாசம்.

"துருப்பிடிச்சிருக்கும்" என்றேன்.

"துருப்பிடிச்சா இவ்ளோ எறங்காது சார். மணி மாறல, டேப்தான் வேகமா ஓடுது. அன்னைக்கு ரெக்கார்ட் பண்றப்ப மெஷின் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடுறப்ப எடுத்ததைச் சரியான வேகத்துல போட்டா எல்லாமே ஏறித்தான் கேக்கும். அன்னைக்குக் கரண்ட் எப்படி சார் இருந்துச்சு?"

மிளகாய்ப்பழ நிறத்தில் எரிந்த பல்பு என் கண் முன்னால் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. வீட்டில் ஸ்டெபிலைசர் ஒன்று இருந்தது. அம்மாவின் ஃபிரிட்ஜுக்குப் போட்டிருந்தது. பதிவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று போனேன். கழற்றினால் தயிர் புளித்துவிடும் என்று அம்மா கத்துவாள். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டு, ரெக்கார்டரை நேரே கரண்டில் சொருகினேன்.

"ஆனா அங்கயே போட்டுக் கேட்டோமே, நல்லாத்தான இருந்துச்சு?"

"அப்பவும் அதே லோ வோல்டேஜ்தான சார். மெதுவா எடுத்து மெதுவாவே கேட்டிருக்கீங்க. சரியா இருந்திருக்கும்."

அவள் டேப்பின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மணியும் மணியும் ஒன்றாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தினாள். பிறகு ஹெட்போனை உருவிவிட்டு என் பெரிய ஸ்பீக்கரில் நாலாவது பாட்டைப் போட்டாள்.

ஆற்றங்கரையில் கேட்ட குரல் வந்தது. கனமாக, அகலமாக, ஓர் அவசரமும் இல்லாமல். மணி விழும் இடத்திலும் அசையாமல் நின்றது. எனக்குக் கண் கலங்கியது என்று சொல்வது மரியாதையாகச் சொல்வது. நான் அழுதேன். சந்தோஷம் கொஞ்சம், மீதி அத்தனையும் வெட்கம். ஒரு ஃபிரிட்ஜுக்காகவும் என் விரல் வேகத்துக்காகவும் ஒருத்தன் வாயை அடைத்து வைத்திருந்திருக்கிறேன்.

அந்த வேகத்தில் என் கிட்டார் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பையன் ஒருவன் கவனமாக, சுமாராக வாசிப்பதாக ஆனது.

பூமிகா, "சார், கம்பெனிக்குப் பழைய வேகமே போதும். நெட்ல கேக்கறவங்க அந்தக் கீச்சுக்குரலத்தான் ரசிக்கறாங்க. நீங்களும் தொடக் கூடாதுன்னீங்க. சொன்னா அப்படியே விட்டுடறேன்" என்றாள்.

"அதான், தொடக் கூடாதும்மா" என்று என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"எதைத் தொடக் கூடாதுங்கறீங்க? டேப்பையா, நீங்க பாடுன பாட்டையா? ரெண்டும் வேற வேறயா இருக்கே சார்."

அன்று முழுக்க யோசித்தேன். யோசித்தது இசையைப் பற்றி அல்ல. பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றுதான். வீரையன் நன்றாகத்தானே இருக்கிறான். அறுபத்து மூன்று வயதில் போய், உன் குரல் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் கெடுத்தேன், நான்தான் பொய்யும் சொன்னேன் என்று சொன்னால் அவனுக்கு என்ன லாபம்? எனக்கு நஷ்டம் என்ன என்பது தெளிவாகத் தெரிந்தது. நட்பு போகலாம். 'மனோகரன் கிட்டார்' நிச்சயம் போகும். ஆனால் அட்டையில் பெயரைச் சின்னதாகப் போடச் சொன்னானே, அதுதான் விடவில்லை. மறுநாள் காலை பூமிகாவைக் காரில் ஏற்றிக்கொண்டு அவன் ஊருக்குக் கிளம்பினேன்.

இந்த வருஷமும் ஆறு தாமதம். வீரையன் வயலில் இருந்தான். கொட்டகையில் போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மும்முனைக் கரண்ட் பகலில் முறை வைத்துத்தான் வரும், வரும்போது பிடித்தால்தான் உண்டு. சந்திரலேகா தூக்குவாளியில் டீ கொண்டுவந்திருந்தார்.

"வாங்கண்ணே. வாம்மா" என்றார். மோட்டார் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"கொஞ்சம் தள்ளிப் போயிருவோம், இங்க ஒண்ணும் கேக்காது" என்று வீரையன் எங்களைக் கடைசி வரப்பில் இருந்த தென்னைமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு, ஃபிரிட்ஜ், ஸ்டெபிலைசர், தண்டவாளம். மைக் பொய் சொல்லாது என்று நான் சொன்னதையும் சொன்னேன்.

"அது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான் வீரையன்.

பூமிகா பையிலிருந்து சின்ன ஸ்பீக்கரை எடுத்து வரப்பில் வைத்துப் பாட்டைப் போட்டாள். வீரையன் குனிந்து ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு கேட்டான். இருபத்திரண்டு வயது வீரையன் பாடிக்கொண்டிருந்தான், அறுபத்து மூன்று வயது வீரையன் மண்கட்டி ஒன்றை எடுத்து விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தான். மூன்று மணியும் விழுந்து பாட்டு முடிந்தது. அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அப்ப என் காது சரியாத்தான் இருந்திருக்கு" என்றான்.

"சரியாத்தான்டா இருந்துச்சு. என்னுதுதான் கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்கடா."

"விடுடா. உங்கம்மா தயிரு நல்லாத்தான் இருக்கும்" என்றான். சிரிக்கப் பார்த்தான், பாதியில் நின்றுவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். "கேட்டியா லேகா? இதான் என் குரலு. நீ கேட்டதே இல்லையே."

சந்திரலேகா தூக்குவாளியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "கேட்டிருக்கேன்" என்றார்.

"எங்க கேட்ட?"

"இங்கதான். மோட்டாரப் போட்டுட்டு, யாருக்கும் கேக்காதுன்னு கொட்டாய்க்குள்ள நின்னு பாடுவீங்கள்ல. கஞ்சி கொண்டாரப்ப வாய்க்காகிட்டயே நின்னுருவேன். முடிஞ்சப்பறம் வருவேன்."

வீரையன் அவரையே பார்த்தான். "எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆன வருசத்துலேர்ந்து. முப்பத்தெட்டு வருசமா கேக்கறேன். மோட்டாரு சத்தத்துல பாதிதான் கேக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லலயே நீ."

"சொன்னா நிறுத்திப்புடுவீங்க" என்றார் சந்திரலேகா.

எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. குரல் சரியா, டேப் சரியா என்று நாங்கள் எல்லாரும் அடித்துக்கொண்டிருக்க, இந்த அம்மா நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாய்க்கால் ஓரத்தில் நின்று, இரைச்சலுக்குள்ளிருந்து அந்தக் குரலைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பூமிகா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள்தான் கேட்டாள். "அட்டைல பேரு இன்னும் சின்னதாத்தான் போடணுங்களா?"

வீரையன் யோசித்தான். "நம்ம ஊரு பஸ்ல போர்டு எழுதற அளவுக்குப் போடும்மா" என்றான். "மணியை எடுத்துடாதீங்க. வாட்ச்மேன் பாவம், அவரும் நல்லாத்தான் அடிச்சிருக்காரு."

"எதையும் எடுக்கல. வேகத்தை மட்டும் சரி பண்றேன்" என்றாள் பூமிகா. என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அப்படியாக, என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ரீமிக்ஸுக்குச் சம்மதம் கொடுத்தேன்.

வீரையன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். "நாலாவது பாட்டுல ரெண்டாவது அடி மறந்துபோச்சுடா மனோகரா. நீ எடுத்துக் குடு" என்று என்னிடம் சொன்னான். மனைவியிடம், "இங்கயே உக்காரு, வந்துர்றேன்" என்றான். வரப்பு வழியாகக் கொட்டகைக்கு நடந்து போனான்.

மும்முனைக் கரண்ட் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நாற்றங்கால் பாதிதான் நனைந்திருந்தது. அவன் உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினான்.